கல்லில் யார் பெயர்? புதுக்கோட்டைப் பக்கம் ஆறு வண்டிகள்

குடியரசு தினம் திங்கட்கிழமையில் வந்து விழுந்தது. சனி, ஞாயிறு சேர்ந்தால் மூன்று நாள். பெருங்களத்தூர் பாலத்தடியில் விடியற்காலை நாலரைக்கு ஆறு வண்டிகள் நின்றன. ஒரு ஹிமாலயன், இரண்டு கிளாசிக், ஒரு பல்சர், என்னுடைய பழைய யூனிகார்ன், கடைசியாக ஒரு ஸ்பிளெண்டர். ஸ்பிளெண்டர் தம்பி பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவனை நடுவில் விட்டு, அவன் வேகத்துக்கே எல்லோரும் ஓட்டுவது என்று முடிவானது. மணிக்கு எழுபது. ஹிமாலயன் அண்ணன் முகத்தில் கொஞ்சம் வருத்தம். வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக வாங்கிய வண்டி அது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டியிருந்தார்.

தஞ்சாவூர், கும்பகோணம் எல்லோரும் போய் வந்த ஊர்கள். இந்த முறை புதுக்கோட்டையைச் சுற்றி: கொடும்பாளூர், நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, நேரம் இருந்தால் திருமயம். ஐந்தும் அடுத்தடுத்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருப்பவை.

மதுராந்தகம் ஏரிக்கரையில் பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது. விழுப்புரம் தாண்டி ஒரு கடையில் பொங்கல், வடை, காபி. ஆளுக்கு 110 ரூபாய். சுங்கச்சாவடிகளில் இடது ஓரச் சந்தில் இரு சக்கர வண்டிகளுக்குக் காசில்லை. காரில் காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே நுழைந்து போவதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. பெரம்பலூர் தாண்டிய பிறகு வெயில் முதுகில் ஏறியது. கொள்ளிடப் பாலத்தில் மலைக்கோட்டை தெரிந்தபோது மணி பதினொன்றரை. திருச்சியில் சாப்பாடு, பெட்ரோல் (லிட்டர் 101 ரூபாய் சொச்சம்), அரை மணி தூக்கம்.

மதுரைச் சாலையில் விராலிமலை வரை நான்கு வழி. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள் என்று பல்சர்காரர் சொல்ல, இறங்கிப் பார்க்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து அடங்கியது. வழியில் ஒரு டாட்டா ஏஸ் எங்களை முந்தியது. பின்னால் ஒரு காளை, கொம்பில் மஞ்சள் துணி, பக்கத்தில் இரண்டு பையன்கள். தை மாதம், இந்த மாவட்டத்தில் வாடிவாசல் இல்லாத திசை குறைவு.

கொடும்பாளூர் திருச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவு. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பிச் சிறிது தூரம் போனால் வேலிக்குள் புல்தரை, அதில் இரண்டு விமானங்கள். மூவர் கோயில் என்று பெயர், ஆனால் நிற்பவை இரண்டே. மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை, வடக்கே தரையோடு தரையாக அதன் அடித்தளம் கிடக்கிறது. மேலே கட்டடம் போன பிறகு தளத்தின் சதுரம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் கண்ணுக்குப் படுகிறது. நாலு எட்டில் தாண்டிவிடலாம். சுற்றிலும் பரிவார ஆலயங்களின் கால்கள் மட்டும் வரிசையாக.

இளவட்டங்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு இப்படித்தான் என்றார் வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்ற அம்மா. நாவலில் வரும் வானதி கொடும்பாளூர் இளவரசி. ஒரு பெண் வானதி போலத் தலையில் பூ வைத்துக்கொண்டு தூணருகே சுற்றிச் சுற்றி நடந்தாள், அண்ணன் முறையில் ஒருவர் கைபேசியில் படம் பிடித்தார். பக்கத்தில் ஒரு குடும்பத் தலைவர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "சேரனுக்கு ஒண்ணு, சோழனுக்கு ஒண்ணு, பாண்டியனுக்கு ஒண்ணு."

நான் நடுக் கோயிலின் தெற்குச் சுவருக்குப் போனேன். கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. என்னால் படிக்க முடியாது; ஆனால் படித்தவர்கள் அச்சில் போட்டிருக்கிறார்கள். கட்டியவன் பூதி விக்கிரமகேசரி, இருக்குவேள் மரபுச் சிற்றரசன். மூன்று கோயில்களில் ஒன்று அவன் பெயரில், மற்ற இரண்டு அவன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில். மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் ஒன்று கொடுத்து, ஐம்பது தவசிகளுக்குச் சோறு ஏற்பாடு செய்ததும் அதில் உண்டு. சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை. அந்தக் குடும்பத் தலைவரிடம் இதைச் சொல்லப் போனேன். அதற்குள் அவர் பிள்ளைகள் ஐஸ் வண்டிக்கு ஓடிவிட்டார்கள்.

சிற்பங்கள் உயரத்தில், மாலை வெயிலில் மஞ்சளாக நின்றன. யானையை உரித்துப் போர்த்தும் சிவன், மாதொருபாகன், வீணை பிடிக்கும் பாவனையில் ஒருவர். வீணை பிடித்தவரின் கையில் வீணை இல்லை. விரல்கள் மட்டும் அதன் அகலத்துக்கு விலகி நிற்கின்றன. இதைப் பார்க்கவே வந்தது வீண்போகவில்லை.

இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை. இலுப்பூருக்கு முன்னால் ஸ்பிளெண்டரின் பின் சக்கரத்தில் ஒரு முள். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைப் பிதுக்கிக் கருவேல முள்ளை எடுத்துக் காட்டினார், 120 ரூபாய் வாங்கினார். இருட்டிய பிறகு ஊருக்குள் நுழைந்தோம். இருவருக்கு ஓர் அறை, 1,200 ரூபாய். இரவு பரோட்டாவும், இந்த ஊருக்கே உரிய முட்டை மாஸும். வேகவைத்த முட்டையை வெங்காயம், மிளகாய், மசாலாவோடு கல்லில் புரட்டித் தருகிறார்கள். முட்டையே பிடிக்காத கிளாசிக்காரர் ஒருவர் இரண்டாவது தட்டு கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நார்த்தாமலை. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் பதினேழு கிலோமீட்டர் போல. வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலமலையில் ஏற வேண்டும். படி கிடையாது. வழவழப்பான பாறைச் சரிவு, அங்கங்கே வெட்டுக்கால். ஹிமாலயன் அண்ணனின் ரைடிங் பூட்ஸ் வழுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் ஏறினார், அதன் பிறகு எங்களுக்கு முன்னால் போனார்.

பாதி வழியில் ஒரு சுனை, தலையருவிச் சிங்கம். நீருக்குள்ளே பாறையில் குடைந்த சிற்றாலயமும் லிங்கமும் இருக்கின்றன. 1857இல் தொண்டைமான் அரசி ஒருவர் தண்ணீரை இறைத்து வெளியேற்றி வழிபட்டதாகப் பக்கத்திலேயே எழுத்து உண்டு. மழைக்காலம் முடிந்து சுனை நிறைந்திருந்தது. எவ்வளவு குனிந்தும் பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது. லிங்கம் இருக்கிறது என்பதை நான் அரசியின் வார்த்தையில் ஏற்றுக்கொண்டேன்.

மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் கூட நடந்தார். "தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் கல்லு இங்கேருந்துதான் தம்பி போச்சு. யானை கட்டி இழுத்தாங்க."

"எந்த இடத்துல வெட்டினாங்க ஐயா?"

"எல்லா இடத்துலயும்தான்."

பாறைகளில் பிளவு போடத் தோண்டிய சிறு செவ்வகக் குழிகள் வரிசையாக இருந்தன. விரலை விட்டுப் பார்த்தேன், முதல் கணு வரை போயிற்று. ஆனால் ராஜராஜன் காலத்து உளியா, போன நூற்றாண்டு உளியா என்று குழி சொல்லாது. பெரியவர் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. நான் பார்த்தது குழி.

மேலே ஏறித் திரும்பியதும் ஒரு பாறைத் திட்டில் விஜயாலய சோழீச்சரம். மேற்கு பார்த்த கோயில். அதற்கு நேர் எதிரே குன்றில் குடைந்த இரண்டு குகைகள் கிழக்கு பார்த்து நிற்கின்றன. காலைச் சூரியன் கோயிலின் முதுகுக்கு மேலே வந்து குகைக்குள் விழுகிறது. பெரிய குகைக்குச் சமணர் குடகு என்று பெயர், உள்ளே இருப்பதோ திருமால். சுவரில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு உருவங்கள், எல்லாம் ஒரே அச்சு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று பல்சர்காரர் பத்து நிமிடம் முயன்று தோற்றார். முன்மேடையின் விளிம்பில் யானைகளும் ஆளிகளும் ஓடும் வரிசை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பெருமாளைவிட என்னை நிறுத்தியது அதுதான். ஒவ்வொரு யானையும் வேறு; ஒன்று திரும்பிப் பார்க்கிறது, ஒன்று துதிக்கையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. சின்னக் குகை பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் முத்தரையர் குலத்துச் சாத்தன் பழியிலி குடைந்தது.

காவலர் ஒன்பது மணிக்கு வந்து கோயிலைத் திறந்தார். வெளியே சதுரம், உள்ளே கருவறை மட்டும் வட்டம். இரண்டுக்கும் நடுவே இருட்டான சுற்று. கையால் சுவரைத் தடவிக்கொண்டே வட்டமடித்தேன். வௌவால் நாற்றம், கல்லின் குளிர்ச்சி. விமானமும் மூன்று தளம் சதுரமாக ஏறி நான்காவதில் வட்டமாகிவிடுகிறது. சுற்றிலும் எட்டு சிற்றாலயங்கள் இருந்திருக்கின்றன, ஆறு நிற்கின்றன.

தஞ்சையில் சோழ ஆட்சியைத் தொடங்கிய விஜயாலயன் கட்டியது என்றார் காவலர். கைபேசியில் தேடினாலும் அதுவே வருகிறது, கோயிலின் பெயரும் அதற்குத் தோதாக இருக்கிறது. ஆய்வாளர்களிடையிலும் அப்படிச் சொல்வோர் உண்டு. ஆனால் வாசல் காவலர் சிலைக்குக் கீழே ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது, அதைப் பார்க்காமல் இறங்க எனக்கு மனமில்லை. மண்டியிட்டேன். ஸ்பிளெண்டர் தம்பியும் மண்டியிட்டான். தேய்ந்த தமிழ் எழுத்து. ஊதித் தூசி தட்டி, நான் முன்பே குறித்து வந்திருந்த வாசகத்தோடு ஒப்பிட்டுத் தேடியபோது ஒவ்வோர் எழுத்தாகப் பிடிபட்டது. சாத்தன் பூதி என்பவன் எடுப்பித்தது. மழை இடித்து அழிந்த பிறகு மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தது. விஜயாலயன் பெயர் அதில் இல்லை.

"அப்ப சோழன் கட்டலையாண்ணே?"

"கல்லுல இருக்கறது சாத்தன் பூதி."

"அவரைப் பத்தி யாருமே ரீல் போடலையே."

கீழே இறங்கும்போது வெயில் ஏறிப் பாறை சுட்டது. அடிவாரக் கடையில் நன்னாரி சர்பத், 25 ரூபாய், ஆளுக்கு இரண்டு.

சித்தன்னவாசலுக்கு மதியம் இரண்டரை மணிக்குப் போனோம். அறிவர் கோயில் ஓவியத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை; கூரையில் தாமரைக்குளம், மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். மங்கிவிட்டது. அண்ணாந்தே நின்றால் கண் பழகிய பிறகு முதலில் பச்சை இலைகள் தெரிகின்றன, அப்புறம்தான் ஆள் முகம். முதலில் இதையும் பல்லவன் மகேந்திரவர்மன் தலையில்தான் கட்டினார்கள். பிறகு படிக்கப்பட்ட கல்வெட்டில் இருப்பவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் கோயிலைப் புதுக்கியவர். எங்களுக்கு முன்னால் வந்த கூட்டத்துக்கு ஒருவர் இன்னமும் மகேந்திரவர்மன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். கருவறைக்குள் மூச்சை அடக்கி 'ம்' என்று முனகினால் அறை முழுக்க அதிரும். ஆறு பேரும் மாற்றி மாற்றி முனகிப் பார்த்தோம், கிளாசிக்காரரின் கனத்த குரலுக்குத்தான் சரியாகப் பேசியது.

ஏழடிப்பட்டம் குன்றின் மறுபுறம். மேலே ஏறி, அந்தப் பக்கம் பாறை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கம்பி இல்லாத காலத்தில் ஏழு வெட்டுப்படிகளில் கால் வைத்துத் தொங்கியிருக்கிறார்கள். இயற்கைக் குகைக்குள் வழவழவென்று தேய்த்த கல்படுக்கைகள், தலையணைக்கு மேடு விட்டு. பதினேழு. எண்ணிச் சரிபார்த்தேன். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழிப் பொறிப்பு, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. எருமிநாட்டில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபொசில் ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை. ராஜா யாரும் இல்லை. கொடுத்தவர், வாங்கியவர், அவரவர் ஊர், அவ்வளவுதான். ஹிமாலயன் அண்ணன் படுத்துப் பார்க்க ஆசைப்பட்டார். காவலர் விடவில்லை, சரிதான்.

குடுமியான்மலையை அடையும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. வழியில் அண்ணா பண்ணையின் நீண்ட வேலி, நெல் வாசனை. சிகாநாதர் கோயில் மண்டபத் தூண்களில் நரசிம்மரும் ரதியும் நிற்கிறார்கள். பெரிய சிற்பங்கள், நகமும் நரம்பும் தெரிகிற வேலை. மற்ற நால்வரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். நானும் ஹிமாலயன் அண்ணனும் பின்னால் குடைவரையான மேலைக்கோயிலுக்குப் போனோம், இசைக் கல்வெட்டுக்காக.

குகைக்குப் பக்கத்துப் பாறை முகத்தில், ஏறக்குறைய பதிமூன்றடிக்குப் பதினான்கடி. குன்று மேற்கில் இருப்பதால் அந்நேரம் பாறை நிழலில் கிடந்தது. நேரே பார்த்தால் வெறும் பாறை. ஹிமாலயன் அண்ணன் டார்ச்சை எடுத்து வந்து முகத்துக்கு நேராக அடித்தார், இன்னும் மோசமானது. "ஓரமா சாச்சுப் பிடிங்கண்ணே" என்றேன். பாறையை உரசினாற்போல ஒளி ஓடியதும் எழுத்துகள் எழுந்துகொண்டன. பல்லவ கிரந்தம், வரி வரியாக, நான்கு நான்கு எழுத்துக் கொத்துகளாக. சுரங்கள் இவை. ர, ரி, ரு, ரெ என்று ஒவ்வொரு சுரமும் நான்கு உயிரோடு வருகிறது. மத்யமக்ராமம் தொடங்கிக் கைசிகம் வரை ஏழு பண்களுக்குத் தனித்தனிப் பகுதி. அடியில் தமிழில் ஒரு வரி, எட்டுக்கும் ஏழுக்கும் இவை பொருந்தும் என்ற பொருளில். நரம்புக் கணக்கு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எழுதுவித்தவன் ருத்ராசாரியரின் மாணவன், சிவபக்தனான ஓர் அரசன். பெயரைச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்திலும் மகேந்திரவர்மனைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர்கள் உண்டு. ஆசிரியர் பெயரைப் போட்டுத் தன் பெயரை விட்டவனுக்கு நாம் பெயர் தேடிக் கொடுக்கிறோம்.

அண்ணன் கையை மாற்றி மாற்றி டார்ச் பிடித்தார். முதல் பகுதியை வரி வரியாகப் பார்த்து முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. மலை உச்சியில் பாறையில் செதுக்கிய அறுபத்துமூவர் வரிசையைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை திருமயம், புதுக்கோட்டைக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு சாலையோரம் போனார்கள். கோட்டையை ஊரில் ஊமையன் கோட்டை என்கிறார்கள், ஊமைத்துரை ஒளிந்திருந்தாராம். 1687இல் கட்டியவர் சேதுபதி. மேலே பீரங்கி ஒன்று, நல்ல காற்று, சுற்றிலும் கண்மாய்கள். கீழே ஒரே பாறையைக் குடைந்து அருகருகே சிவனும் பெருமாளும். பெருமாள் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறார்; ஒரு பார்வையில் முழுவதும் அடங்கவில்லை, தலையிலிருந்து காலுக்கு நடக்க வேண்டியிருந்தது. இரண்டு கோயில்களுக்கும் இருந்த தகராறை 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் தீர்த்து வைத்த கல்வெட்டு இங்கே உண்டு. வருமானத்தையும் நிலத்தையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவார்கள் என்பதால் ஓட்டமும் நடையுமாக முடித்தோம்.

கோயில் எதிரே டீக்கடையில் கணக்குப் பார்த்தோம். தங்கல், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூவாயிரத்துக்குள். பெட்ரோல் தனி, ஹிமாலயன் குடித்ததில் பாதிகூட ஸ்பிளெண்டர் குடிக்கவில்லை. தம்பி அதை மூன்று முறை சொல்லிக் காட்டினான்.

"எங்கெல்லாம் பாத்தீங்க?" என்றார் கடைக்காரர், டீ ஆற்றிக்கொண்டே.

"நார்த்தாமலை போனோம்ணே. விஜயாலய சோழன் கட்டின..." என்று ஆரம்பித்த தம்பி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டான். "சாத்தன் பூதி கட்டின கோயில்."

"அது யாரு?"

தம்பி ஹெல்மெட்டை பெஞ்சில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். நாங்கள் இன்னொரு டீ சொன்னோம்.